லிங்கநகர்க் கிணறுகளும் ஒரு வெறும் பெட்டியும்

ஜக்சன் ஓட்டிய எண்ணெய் லொறி, பவுசர், சரிந்தது அவருடைய சொந்த ஒழுங்கையின் வாசலில்தான். சீனன்குடாவில் டீசல் ஏற்றிக்கொண்டு விடியற்புறமே கிளம்பியிருந்தார். லிங்கநகர் முடக்கில் திரும்பும்போது நடு வீதியில் மான்கள் நின்றன. திருகோணமலையில் மான் வீதியில் நிற்பது யாருக்கும் புதினமில்லை. ஆனால் அன்று மழை பெய்து அப்போதுதான் ஓய்ந்திருந்தது. அவர் ஒடித்த பக்கம் வழுக்கியது. பவுசர் அவசரமில்லாமல், படுக்கப்போகும் மாடு மாதிரி, வீதியோரக் கழிவுநீர்க் கானுக்குள் சாய்ந்தது. ஜக்சனுக்கு இடது கை முறிந்தது. மான்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

தீயணைப்புக்காரர்கள் வந்து மண் கொட்டினார்கள். மிச்ச டீசலை வேறொரு பவுசருக்கு மாற்றினார்கள். நெருப்புப் பிடிக்காமல் போனதே பெரிய காரியம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஆனால் கானுக்குள் போன டீசல் பிறகு எங்கே போனது என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அந்த ஒழுங்கை முழுக்க மணல் தரை. குழாய்த் தண்ணீர் வந்தால் நூல்போல வரும், வராத நாட்களும் உண்டு. அதனால் வீட்டுக்கு வீடு கிணறு. மறுநாள் ஒழுங்கை எங்கும் டீசல் மணத்தது. மணம் காற்றில் இருக்கிறதா, வாளித் தண்ணீரில் இருக்கிறதா என்று பிரித்தறிய முடியவில்லை. சுகாதாரப் பரிசோதகர் மஹ்ரூப் வீடு வீடாகப் போய், சோதித்துச் சொல்லும்வரை கிணற்றைத் தொடவேண்டாம் என்று அறிவித்தார். நகரசபை உழவு இயந்திரத்தில் தண்ணீர்த் தாங்கி வந்தது. அதன் முன்னால் வாளிகளோடு நின்றவர்கள், கையில் கட்டோடு வந்து நின்ற ஜக்சனுடன் கதைக்கவில்லை. திட்டவுமில்லை. அதுதான் அவருக்குத் தாங்க ஏலாமல் இருந்தது.

மஹ்ரூப் அந்த வீடுகளில் எடுத்த தண்ணீர்ப் போத்தல்கள் நிலுஷாவிடம் வந்து சேர்ந்தன. உட்துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் இரண்டு அறைக் கட்டடம் ஒன்றில், தண்ணீர் சோதிக்கும் சிறிய ஆய்வுகூடத்துக்கு அவள் பொறுப்பாக இருந்தாள். தலைமையலுவலகம் கொழும்பில். இங்கே அவளும், பிற்பகலில் கூட்டித் துடைக்க வரும் ஒரு பெண்ணும்தான்.

தண்ணீரில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க அவளிடம் ஒரே ஒரு கருவி இருந்தது. இழுப்பறைகள் போல மூன்று பெட்டிகளைச் சொருகிவைக்கும் ஓர் உலோகக் கூடு. மேற்பெட்டி மாதிரிகளை வரிசையாக எடுத்துக்கொடுக்கும். நடுப்பெட்டி அவற்றை உறிஞ்சும். கீழ்ப்பெட்டிதான் அளப்பது. கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளியை மாதிரிக்குள் பாய்ச்சினால் எண்ணெய் மங்கலாக ஒளிரும். அந்த மினுக்கத்தை எண்ணாக்கிக் கணினிக்கு அனுப்பும். மூன்றுக்கும் மின்சாரம் கொடுப்பதும், கணினியோடு தொடர்பு வைத்திருப்பதும் கூட்டின் பின்னால் இருந்த ஒரு மின்பலகை.

போத்தல்கள் வந்து குளிர்சாதனப் பெட்டிக்குள் ஏறிய அன்று பின்னேரம் பெரிய இடி ஒன்று விழுந்தது. துறைமுகத்துக்கு எங்கேயோ மிக அருகில். விளக்குகள் அணைந்தன. பிளாஸ்ரிக் கருகும் மணம் வந்தது. கூட்டின் பின்புறத்தைத் திறந்து பார்த்தபோது மின்பலகையில் ஒரு பக்கம் கறுத்து, கரண்டியில் கருகிய சீனி மாதிரிக் குமிழ்த்திருந்தது.

பணிப்பாளர் சோமசேகரம் கொழும்பிலிருந்து தொலைபேசியில் விசாரித்தார். கருவியை விற்ற முகவர்களோடு கதைத்துவிட்டுத் திரும்ப அழைப்பெடுத்தார்.

"அந்தக் கூடு இப்ப செய்யிறதில்லையாம், நிலுஷா. புதுசு முழுசாத்தான் எடுக்கவேணும். அதுக்கு வருசம் போகும். போத்தல்களை இஞ்ச அனுப்பும்."

"அங்க அனுப்பினா எப்ப பாப்பினம் சேர்?"

"வரிசை இருக்குது. நாலைஞ்சு கிழமை எடுக்கலாம்."

"அதுவரைக்கும் சனம் தாங்கித் தண்ணியோடயே இருக்கிறதா?"

"போத்தல்களை அனுப்பும்," என்று சொல்லி அவர் தொலைபேசியை வைத்தார். நல்ல மனிதர்தான். ஆனால் பதில் இல்லாத கேள்விகளை அவருக்குப் பிடிக்காது.

நிலுஷா அன்று போத்தல்களை அனுப்பவில்லை. கூட்டிலிருந்து கீழ்ப்பெட்டியை மட்டும் வெளியே இழுத்து மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே கருகலில்லை. முகர்ந்து பார்த்தாள், மணமும் இல்லை. இடி பின்பலகையோடு நின்றுவிட்டதா, உள்ளேயும் போனதா? மற்ற இரண்டு பெட்டிகளின் வேலையைக் கையால் செய்யலாம். மாதிரியை ஊசிக்குழாயால் அவளே ஏற்றலாம். இந்த ஒரு பெட்டி உயிரோடு இருந்தால் போதும். பெட்டியின் பின்புறம் இரண்டு வரிசையில் நுணுக்கமான ஊசிகள் இருந்தன. கூடு அவற்றின் வழியாகத்தான் இதோடு பேசியது. கூட்டுக்குப் பதிலாக நேராக மின்சாரத்தையும் கணினியையும் அந்த ஊசிகளில் கொண்டுவந்து கொடுத்தால்?

கருவியோடு வந்த கைநூலின் பின்பக்கங்களில் ஊசிகளின் படம் இருந்தது. அதைக் கைபேசியில் படமெடுத்துப் பணிப்பாளருக்கு அனுப்பிவிட்டு, தானே அழைப்பெடுத்தாள்.

"முகவர் என்ன சொல்லுவார் தெரியுமோ? கழட்டினா நாங்கள் பொறுப்பில்லை எண்டு சொல்லுவார்," என்றார் சோமசேகரம்.

"இப்பவும் அவை பொறுப்பில்லைத்தானே சேர்."

"எரிஞ்சுதெண்டால் நான்தான் மேல பதில் சொல்லவேணும். அது தெரிஞ்சுகொண்டு செய்யும்," என்றார் கடைசியில்.

அது சம்மதம் என்பது அவளுக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது.

மின்சார வேலையில் அவளுக்கு அரைகுறை அறிவுதான். அதனால் மறுநாள் மின்சாரம் திரும்பியதும், ஊரே 'நானா', அண்ணன், என்று அழைக்கும் ஸுஹைரைக் கூப்பிட்டாள். கிண்ணியாக்காரர். மீன்பிடித் துறைக்குப் போகும் வீதியில் சிறிய கடை வைத்திருந்தார். படகுகளில் வானொலி, மீன் பார்க்கும் திரை, திசைகாட்டும் கருவி எல்லாவற்றையும் பூட்டுவதும் திருத்துவதும் அவர் தொழில். கதை அதிகம். கை வேகம்.

"இவ்வளவுதானா மிஸ்?" என்று பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். "படகுல இதவிட மோசமானதெல்லாம் பூட்டியிருக்கன். உப்புத் தண்ணிக்குள்ள."

"நானா, பிழையான ஊசியில கரண்டைக் குடுத்தா முடிஞ்சுது. இது ஒண்டுதான் இருக்குது."

"அப்ப நீங்க வாசிங்க, நான் வைக்கன். நீங்க சொல்லாம ஒரு வயரும் தொடமாட்டன்."

அப்படியே செய்தார்கள். அவள் கைநூலைப் பார்த்து ஊசியின் இடத்தைச் சொன்னாள். அவர் மீட்டரால் தொட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டு மெல்லிய வயரைப் பற்றவைத்தார். மின்சாரத்துக்கு இரண்டு. பெட்டி பேச ஒன்று, கேட்க ஒன்று. சிவப்பு வயரின் நடுவே ஸுஹைர் ஒரு சின்ன பியூஸைச் சேர்த்தார்.

"ஏதும் பிழைச்சா இது போகும். பெட்டி போகாது," என்றார்.

கடையிலிருந்து கொண்டுவந்த மின்வழங்கியைப் பூட்டினார். நிலுஷா சுவிட்சில் கை வைத்தாள். வைத்த கையை எடுத்தாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தாள்.

போட்டவுடன் 'டிக்' என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

நிலுஷா சுவிட்சை அணைத்தாள். கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். பணிப்பாளரிடம் என்ன வார்த்தையில் சொல்வது என்றுதான் முதலில் நினைத்தாள். அதற்குப் பிறகுதான் லிங்கநகர்ப் போத்தல்கள் நினைவுக்கு வந்தன, அதற்காக வெட்கப்பட்டாள்.

ஸுஹைர் பியூஸைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "இது போயிட்டு. பெட்டி போன மணமில்லயே." யோசித்தார். "மிஸ், இதுக்குள்ள ஏதும் சுத்துற சாமான் இரிக்கா?"

"காத்தாடி இருக்குது. குளிராக்கிறதுக்கு."

"அப்ப கிளம்பேக்குள்ள கூட இழுக்கும். என்ட பிழை, நான் சின்னப் பியூஸ் போட்டுட்டன். புத்தகத்துல எவ்வளவு எண்டு இரிக்கும், பாருங்க."

இருந்தது. அவர் போட்டதைவிட அது மூன்று மடங்கு தாங்கக்கூடியது. சரியானதைப் போட்டு இரண்டாந்தரம் சுவிட்சை அழுத்தியபோது காத்தாடி ஒரு முறை தயங்கி, பிறகு சீராகச் சுற்றத் தொடங்கியது. முகப்பில் பச்சை விளக்கு எரிந்தது. நிலுஷா அந்தச் சத்தத்தை வேலைக்கு வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அது இவ்வளவு நல்ல சத்தம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"உயிரோடதான் இருக்குது," என்றாள்.

கணினியோடு பேசவைப்பது அடுத்த வேலை. படகில் திசைகாட்டியை லப்டொப்புக்கு இணைக்கும் மாற்றுவயர் ஒன்றை ஸுஹைர் கொண்டுவந்திருந்தார். அதை இணைத்தார்கள். வழக்கமான மென்பொருள் கூட்டைத் தேடியது. கூடு இல்லை என்று சொல்லி மூடிக்கொண்டது. கைநூலில் பெட்டி நேரடியாக விளங்கிக்கொள்ளும் கட்டளைகள் இருந்தன. நிலுஷா வெறும் எழுத்துத் திரை ஒன்றைத் திறந்து, உன் பெயரைச் சொல் என்ற கட்டளையைத் தட்டினாள். பதில் வரவில்லை. மறுபடி தட்டினாள். திரை வெறுமையாகவே இருந்தது.

இம்முறை பிழை அவளுடையது. கைநூலில் 'பேசுவது' என்று எழுதியிருந்தது கூட்டின் பக்கத்திலிருந்து பார்த்து. கூடு பேசுவதைப் பெட்டி கேட்கவேண்டும். அவள் அதை மறுபக்கமாக வாசித்திருந்தாள்.

"ரெண்டும் வாயைத் திறந்துகொண்டு நிக்குதுகள் நானா. ஒருத்தரும் கேக்கேல்லை."

ஸுஹைர் சிரித்துக்கொண்டே இரண்டு வயர்களையும் மாற்றிவைத்தார். அவள் கட்டளையைத் தட்டினாள். திரையில் ஒரு வரி வந்தது. பெட்டியின் பெயரும் அதன் இலக்கமும். ஸுஹைர் எழுந்து நின்று, கைகளை மேலே தூக்கி, "அல்ஹம்துலில்லாஹ்!" என்றார். பிறகு, "பேரைச் சொன்னதுக்கே இவ்வளவு சந்தோசமா எண்டு கேக்காதீங்க மிஸ்," என்றார்.

ஊதா விளக்கு மட்டும் எரிய மறுத்தது. கட்டளை கொடுத்தால் 'மூடி திறந்திருக்கிறது' என்ற பதில் வந்தது. பெட்டிக்கு மூடியே கிடையாது. மூடி இருந்தது கூட்டில். அந்த ஒளி கண்ணைப் பழுதாக்கும் என்பதால், கூட்டின் மூடி பூட்டியிருந்தால்தான் விளக்கு எரியும்படி செய்திருந்தார்கள். மூடியைப் பற்றிச் சொல்லும் ஊசியைக் கண்டுபிடித்து அடுத்ததோடு சேர்த்துவிட்டால் மூடி பூட்டியதாகப் பெட்டி நம்பிவிடும். ஆனால் பிறகு உண்மையான காவல் ஒன்றும் இருக்காது. நிலுஷா தடித்த மட்டைப்பெட்டி ஒன்றை வெட்டிக் கவிழ்த்து, அதற்கு மேல் கறுத்த துணி போட்டாள். விளக்கு எரியும்போது துணியை யாரும் தூக்கக்கூடாது என்று ஸுஹைருக்கு இரண்டு தரம் சொன்னாள். பிறகுதான் ஊசிகளைச் சேர்க்கவிட்டாள்.

விளக்கு எரிந்தது. திரையில் எண்கள் வரத் தொடங்கின. ஆனால் அவை ஓரிடத்தில் நிற்கவில்லை. உள்ளே ஒன்றும் வைக்காமலே ஏறின, இறங்கின.

"இப்பிடி ஆடினா இதை நம்ப ஏலாது," என்றாள்.

"கரண்ட் சுத்தமில்ல," என்றார் ஸுஹைர். "இந்த மின்வழங்கி மலிவானது. படகு வானொலியிலயும் இது கீச்செண்டு கத்தும்."

"படகில அப்ப என்ன செய்வீங்கள்?"

"படகுல பெற்றரிதானே." சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். கைநூல் கேட்டது இருபத்துநான்கு வோல்ற். படகுப் பெற்றரி ஒன்று பன்னிரண்டு. அரை மணித்தியாலத்துக்குள் ஓட்டோவில் இரண்டு பெற்றரிகள் வந்து இறங்கின. இரண்டையும் தொடுத்துப் பூட்டியபோது எண்கள் கடற்கரையில் அலை வடிந்த மணல்போல அடங்கி ஒரே இடத்தில் நின்றன.

அன்றைக்கு அவள் லிங்கநகர்ப் போத்தல்களைத் தொடவில்லை. முதலில் சுத்தமான தண்ணீரை அளந்தாள். பிறகு அந்தத் தண்ணீரில் டீசலை அறிந்த அளவில், மிகக் கொஞ்சமாகக் கலந்து அளந்தாள். இரண்டு மடங்கு கலந்தால் எண்ணும் இரண்டு மடங்கானது. மறுபடி சுத்தமான தண்ணீருக்குப் போனால் எண்ணும் பழைய இடத்துக்கு இறங்கியது. பெட்டி பொய் சொல்லவில்லை. அவள் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட்டாள். காலையிலிருந்து தான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் காலை ஆய்வுகூட வாசலில் ஜக்சன் நின்றார். தூளியில் தொங்கும் கை. மற்றக் கையில் சோடாப் போத்தல் ஒன்றில் தண்ணீர்.

"மிஸ், பரிசோதகர் ஐயா வந்த நேரம் நான் ஆஸ்பத்திரியில. வைஃப் மெலனி பிள்ளையோட தாய்வீட்ட. எங்கட கிணத்தை எடுக்கேல்லை," என்றார். "நானே அள்ளிக்கொண்டு வந்தனான். இதையும் பாத்துச் சொல்லுவீங்களோ?"

"வைச்சிட்டுப் போங்கோ அண்ணா, பாக்கிறன்."

அவர் போகவில்லை. வாசலிலிருந்த வாங்கில் உட்கார்ந்துகொண்டார். நிலுஷாவும் போகச் சொல்லவில்லை.

ஒவ்வொரு மாதிரியையும் கரைப்பானோடு குலுக்கி, மேலே மிதக்கும் படையை எடுத்து, ஊசிக்குழாயால் பெட்டிக்குள் செலுத்தினாள். முதல் வீட்டுக் கிணறு: சுத்தமான தண்ணீரின் எண்தான். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது வந்தபோது அவள் தோள்கள் தாமாக இறங்கின. அடுத்தடுத்து எல்லாம் அதே எண். ஒன்று மட்டும், கானுக்கு மிக அருகில் இருக்கும் தம்பிராசா வீட்டுக் கிணறு, சற்றே ஏறிக் காட்டியது. அதிகமில்லை, ஆனால் குடிக்கலாம் என்று சொல்ல முடியாத அளவு. அதை இரண்டு தரம் அளந்து குறித்துக்கொண்டாள். மிச்சம் அத்தனை கிணறும் தப்பிவிட்டன. வாசலுக்குப் போய் ஜக்சனிடம் சொல்ல எழும்பினவள், கடைசியாக அவருடைய சோடாப் போத்தலும் இருப்பதை நினைத்து உட்கார்ந்தாள். அதையும் முடித்துவிட்டே சொல்லலாம்.

அந்த எண் மேலே போய், இன்னும் மேலே போய், தம்பிராசாவின் கிணற்றைவிடப் பல மடங்கில் நின்றது.

அவள் கரைப்பானை மாற்றி மறுபடி செய்தாள். அதே எண். ஜக்சன் வாசலிலிருந்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"எங்கட கிணறுதானே மிஸ்?"

"கொஞ்சம் பொறுங்கோ."

"மற்றவையின்ர?"

"மற்றது கிட்டத்தட்ட எல்லாம் நல்லம்."

"கர்த்தரே, அது போதும்," என்றார் அவர். பிறகு மெதுவாகச் சொன்னார்: "பவுசர் விழுந்த அண்டைக்குக் காலமை, ஒருத்தரும் சொல்ல முதல், மெலனி அந்தத் தண்ணியிலதான் பிள்ளையைக் குளிக்க வாத்தவள். ரெண்டு மாசப் பிள்ளை. மேலெல்லாம் சிவந்துபோய்க் கிடக்குது. வேர்க்குரு எண்டுதான் டொக்டர் சொன்னவர். வேர்க்குருவோ மிஸ் அது?"

நிலுஷாவுக்கு ஒன்று பொருந்தவில்லை. ஜக்சனின் வீடு எது என்று கேட்டாள். ஒழுங்கையின் கடைசி வீடு, என்றார். கானிலிருந்து வெகுதூரம். அவர் வீட்டுக்கும் கானுக்கும் நடுவில், தம்பிராசாவுடையதைத் தவிர, கிணறுகள் எல்லாம் சுத்தம். டீசல் அத்தனை வீடுகளையும் தாண்டி அவர் கிணற்றுக்குள் மட்டும் எப்படிப் போயிருக்கும்?

"அண்ணா, தண்ணியை எப்பிடி அள்ளினீங்கள்?"

"வாளியாலதான். கயிறு கட்டி."

"கிணத்துக் கயிறோ?"

அவர் யோசித்தார். "இல்லை. அந்தக் கயிறு அறுந்துபோச்சு. பவுசரிலயிருந்து எடுத்த சாமானுகளோட ஒரு கயிறு கிடந்தது. குழாய் கட்டுற கயிறு. அதைத்தான்..." பாதியில் நின்றார்.

"அந்தக் கயிறு எத்தினை வருசம் பவுசருக்குள்ள கிடந்தது?"

ஜக்சன் தன் நல்ல கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார்.

அவள் கழுவிய கண்ணாடிப் போத்தல்களையும் புதுக்கயிறு ஒன்றையும் எடுத்துக்கொண்டாள். கதவைப் பூட்டிவிட்டு ஓட்டோ பிடித்து அவரையும் ஏற்றிக்கொண்டு லிங்கநகருக்குப் போனாள். ஒழுங்கையில் ஆட்கள் வாசல்களுக்கு வந்து பார்த்தார்கள். யாரோ ஒரு பெண், "என்னவாம் மிஸ்?" என்று கேட்டாள். பின்னேரம் பரிசோதகர் வந்து சொல்லுவார், பயப்பிடாதேங்கோ, என்று மட்டும் சொன்னாள் நிலுஷா. அவள் முகத்தில் எதைப் பார்த்தாளோ, கேட்டவள் உள்ளே திரும்பிச் சத்தமாக ஏதோ சொன்னாள். உள்ளே யாரோ சிரித்தார்கள்.

கடைசி வீட்டுக் கிணற்றில் போத்தலைப் புதுக்கயிற்றில் நேராகக் கட்டி இறக்கினாள். வாளியைத் தொடவில்லை. மூன்று போத்தல் எடுத்தாள். தண்ணீர் தெளிவாக இருந்தது. தெளிவில் ஒன்றுமில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் பார்த்தாள்.

திரும்பி வந்தபோது ஸுஹைர் பெற்றரியின் நிலையைப் பார்க்க வந்து காத்திருந்தார். அவரும் ஜக்சனும் வாசலில் நின்றார்கள். இருவருக்கும் முன்பு பழக்கமில்லை. ஸுஹைர் பால் விடாத தன் பிளேன்ரித் தேநீரில் பாதியை ஜக்சனுக்கு ஊற்றிக் கொடுத்தார். நிலுஷா முதல் போத்தலைக் குலுக்கினாள், படை பிரியும்வரை நின்றாள், எடுத்தாள், ஏற்றினாள். எண் கொஞ்சம் அசைந்து, சுத்தமான தண்ணீரின் எண்ணில் வந்து நின்றது. இரண்டாவது போத்தல், அதுவே. மூன்றாவதையும் பார்த்தபிறகுதான் திரும்பினாள்.

"உங்கட கிணத்தில ஒண்டுமில்லை அண்ணா. டீசல் முழுக்க உங்கட கயித்தில."

ஜக்சன் சிரிக்கப் பார்த்தார். அது அழுகையாக வந்தது. ஸுஹைர் அவருடைய தேநீர்க் கோப்பையைக் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, முறிந்த கையைத் தொடாமல் மற்றத் தோளில் கை போட்டுக்கொண்டார். ஜக்சன் மேற்சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தொலைபேசியை எடுத்தார்.

"மெலனி, வேர்க்குருதான் அது. ஓம், வேர்க்குருவேதான். மிஸ் மூண்டுதரம் பாத்தவ. நீ பிள்ளையோட வா வீட்ட."

நிலுஷா மஹ்ரூப்பிடம் முடிவுகளைச் சொன்னாள். அவர் எழுத்தில் வாங்கிக்கொண்டு பின்னேரமே ஒழுங்கைக்குப் போனார். அவளும் கூடப் போனாள், தம்பிராசாவுக்குத் தானே சொல்லவேண்டும் என்று. ஓய்வுபெற்ற தபால்காரர் அவர். தனியாக இருந்தார். பவுசர் விழுந்த நாளிலிருந்து ஜக்சனை ஏறெடுத்தும் பார்க்காதவர்களில் முதல் ஆள் அவர்தான்.

"என்ர கிணறு ஒண்டுதான் பிழைச்சதோ?" என்றார்.

"ஓம் ஐயா. கொஞ்சமாத்தான் இருக்குது. இறைச்சு இறைச்சு விட்டா சரிவரும். நான் கிழமைக்கு ஒருக்கா எடுத்துப் பாத்துச் சொல்லுறன். அதுவரைக்கும் குடிக்கவேண்டாம்."

"மற்ற ஆக்களின்ரயெல்லாம் நல்லமோ? அந்தப் பச்சைப்பிள்ளை இருக்கிற வீடு?"

"அதுவும் நல்லம்."

தம்பிராசா தலையை ஆட்டினார். ஒழுங்கையில் ஜக்சன் தயங்கித் தயங்கி நின்றார். வாசற் படலைக்குள் வரலாமா என்று தெரியாத நிலை. பெரியவர் அவரைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"கை எப்பிடி?" என்று கேட்டார்.

"பரவாயில்லை அண்ணை."

"ஒரு கையோட இறைக்கிற மோட்டரைத் தூக்க ஏலுமோ உனக்கு? ஏலாது. ஆரையும் கூட்டிக்கொண்டு நாளைக்குக் காலமை வா. இறைச்சு விடுவம்." சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். ஜக்சன் படலையைப் பிடித்தபடியே நின்றார்.

மஹ்ரூப் கடைசி வீடுவரை சொல்லிக்கொண்டு வருமுன்பே ஒழுங்கையில் மோட்டர்கள் இயங்கத் தொடங்கிவிட்டன. ஒரு வீட்டில் யாரோ உடுப்புத் தோய்க்கும் சத்தம். இன்னொரு வீட்டில் தலைக்கு வார்த்துக்கொண்டிருந்த ஒருவர் தண்ணீரை நிறுத்தவே இல்லை.

பணிப்பாளர் தொலைபேசியில் எல்லாவற்றையும் கேட்டு முடித்தார். "நல்லது. மெத்த நல்லது," என்றார். பிறகு தன் வழக்கமான குரலுக்குத் திரும்பி, "அந்த வயருகளை ஒருத்தரும் தொடாமப் பாரும். மட்டைப்பெட்டிக்குப் பதிலா ஒழுங்கான மூடி ஒண்டு செய்விக்கவேணும். கண்ணுக்குக் கூடாது," என்றார்.

"நாளைக்கே செய்விக்கிறன் சேர்."

வீடு திரும்ப ஏறிய நிலாவெளிப் பேருந்தில் நிலுஷாவுக்கு ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. கடற்காற்று முகத்தில் அடித்தது. கண்ணை மூடி ஒரு நிமிடம் இருப்போம் என்று நினைத்தாள். நடத்துநர் தட்டி எழுப்பியபோது அவள் இறங்கவேண்டிய இடம் எப்போதோ போய்விட்டிருந்தது.

"அக்கா, எங்க இறக்கம்?"

அவள் வெளியே பார்த்தாள். பேருந்து இரண்டு தரிப்பிடங்களைத் தாண்டியிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. இறங்கி, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே கடற்கரையோரமாக வீட்டை நோக்கி நடந்தாள்.